பால் பொங்கவில்லை

என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது, "அடுப்புல பால் இருக்கு, பொங்கிடாம பாத்துக்கோங்க" என்பது. பார்த்துக்கொண்டேன். பால் பொங்கவில்லை.

நீங்கள் எழுதச் சொன்னது புகைக்குழாயைப் பற்றி. அதற்கு வருகிறேன், ஐயா. ஆனால் வீட்டு வேலை எதையும் நான் தட்டிக்கழித்தவன் இல்லை என்பது உங்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குள் சண்டை ஏதாவது இருந்ததா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். இல்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடியைத் தினமும் துடைத்து வைத்தவன் நான். கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் அவளுக்குத் தலைவலி வரும். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அவர்களும் எங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்வார்கள்.

தொழில் யோசனை எல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வியாபாரிகள் சங்கத்தில் ஒருமுறை மேடையேற்றிக்கூடக் கேட்டார்கள். நண்பர்களோடு போய் உட்காருங்கள், நீங்கள் மட்டும் பேசாதீர்கள் என்றேன். மனிதன் எங்கே சலித்துக்கொள்கிறானோ அங்கே ஒரு தொழில் இருக்கிறது. 'சே, இதுக்கு ஒரு வழி இல்லையே' என்று ஒருவன் சொன்னால், அவனே கதவைத் திறந்து நம்மை உள்ளே கூப்பிடுகிறான் என்று அர்த்தம். கை தட்டினார்கள். நான் சொன்னது உண்மைதான். இன்றும் அதை மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

நாங்கள் உட்காரும் இடம் ஒரு தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டெய்லர் உள்ளே பள்ளிச் சீருடைத் துணி வெட்டிக்கொண்டிருப்பார். பள்ளியில் கணக்கு எடுக்கும் வாத்தியார் வருவார். ஹீட்டர் மெக்கானிக் வருவான்; அவன் என் மனைவியின் தம்பி. நான்காவது ஆள் நான். வெட்டு மேசைக்கு அந்தப் பக்கம் எனக்கென்று ஒரு முக்காலி உண்டு. தரையெல்லாம் துணித் துண்டும் நூலும் கிடக்கும். அங்கே எனக்குப் பெயர் 'காது'.

டெய்லர் ஒருநாள் சலித்துக்கொண்டார். "தைக்கிறதுகூடக் கஷ்டமில்லடா. தைச்சத வாங்கிட்டுப் போகமாட்டேங்கிறானுங்க. இந்தச் சட்டையப் பாரு, இனிமே இது அவனுக்கே பத்தாது."

அடுத்த வாரமே ஒரு சைக்கிளும் ஆளும் வைத்து, தைத்த துணியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை ஆரம்பித்தேன். பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் வெயிலில் காய்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். எதிரே கிடந்த காலி இடத்தில் கொட்டகை போட்டு பெஞ்சு போட்டேன். உட்காருவது இலவசம், குளிர்பானம் விலைக்கு.

"இவன் முன்னாடி தும்மாதீங்கடா," என்பார் வாத்தியார். "நாளைக்கே கைக்குட்டைக் கடை போட்டுருவான்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவையெல்லாம் சின்னச் சின்னத் தொழில்கள். சைக்கிள்காரன் வேறு வேலைக்குப் போய்விட்டான். கொட்டகைக்கு இடம் கொடுத்தவர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். என் மனைவி எதையும் குத்திக்காட்டிப் பேசமாட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான். "எல்லாருக்கும் ஏதேதோ பண்றீங்க. என் தம்பிக்கும் ஒரு வழி பண்ணக் கூடாதா?" அவன் கைசுத்தமான வேலைக்காரன், ஆனால் கூப்பிட்டால்தான் வேலை. கூப்பிடாத நாட்களில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் சும்மா நடப்பான். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஆகவே இதை நான் என் பேராசையால் தொடங்கியதாக எழுதிக்கொள்ளாதீர்கள். அவள் கேட்டதால் தொடங்கினேன்.

யோசனையைக் கொண்டுவந்தவனும் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தான்.

"நேத்து ஒரு வீட்ல, குளியலறை கேஸ் ஹீட்டரோட புகைக்குழாய்க்குள்ள குருவிக் கூடு மாமா. முழுசா அடைச்சிருக்கு. எடுத்து அந்தம்மாகிட்டக் காட்டினேன், முகமே வெளிறிப்போச்சு."

"அடைச்சா என்னடா ஆகும்?" என்று டெய்லர் கேட்டார்.

"கேஸ் எரிஞ்ச புகை வெளிய போகாதுண்ணே. ரூமுக்குள்ளயே நிக்கும். அதுல ஒரு விஷவாயு இருக்கு, வாசனையே கிடையாது. முதல்ல தல வலிக்கும். அப்புறம் தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், உக்காந்துருவாங்க. அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க."

"சுகமான சாவுதான்," என்றார் வாத்தியார். "கடைசிக் குளியலையும் அவங்களே முடிச்சுக்கிறாங்க. சொந்தக்காரங்களுக்கு வேலை மிச்சம்."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு சார். ஆனா ஒண்ணு, அந்தக் கூட்டப் பாத்ததும் பக்கத்து வீடு, எதிர் வீடு, எங்க வீட்டையும் பாரு, எங்க வீட்டையும் பாருன்னு பிடிச்சுக்கிட்டாங்க. சாப்பிடவே விடல. மத்த நாள்ல நானாப் போய்க் கேட்டா, அதான் நல்லா ஓடுதே, உனக்கென்னன்னு கதவச் சாத்துவாங்க."

மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

வருடாந்தப் பரிசோதனைத் திட்டம் என்று பெயர் வைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை அவன் வந்து ஹீட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாயைப் பார்த்து, மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவான். அதில் என்னுடைய தொலைபேசி எண் இருக்கும். அவனுக்கு வேலை, எனக்குத் தொழில், வீட்டுக்காரர்களுக்குப் பாதுகாப்பு. இதில் யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. நல்லா ஓடிட்டுத்தானே இருக்கு.

குறை திட்டத்தில் இல்லை, மக்களிடம் பயம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. பயத்துக்குக் கண்ணால் பார்க்க ஒரு பொருள் வேண்டும். முகம் வெளிறச் செய்தது விளக்கம் அல்ல, கூடு.

எங்கள் வேலைமுறை இது. ஒரு வீட்டில் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லி நுழைவோம். அவன் குளியலறைக்குள் ஹீட்டரின் மூடியைக் கழற்றுவான். நான் வீட்டின் பின்பக்கம் போய்ச் சுவரில் குழாயின் வாயைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் பைக்குள்ளிருந்து ஒரு கூட்டை எடுத்து உள்ளே வைத்து, உடனே வெளியே எடுத்து, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. கூட்டை நானே கட்டினேன். காய்ந்த புல், இரண்டு மூன்று இறகு, கொஞ்சம் நூல். குருவிகள் நூலைப் பொறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முக்காலியைச் சுற்றிக் கிடந்த நூலைக் குனிந்து அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். டெய்லர் அதைப் பார்த்திருக்கிறார். "என் கடையில இவன் ஒருத்தன்தான்டா பெருக்கிச் சுத்தம் பண்றவன்," என்று மெச்சிக்கொண்டார்.

என் மைத்துனனுக்கு எதுவும் தெரியாது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில வீடுகள் சேர்ந்தன. ஆனால் ஒரு வீட்டில் ஒரு பாட்டியம்மா கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீயே கொண்டாந்தியா தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று மாலை கண்ணாடிமுன் நின்று யோசித்தேன். என் முகத்தில் பயம் வருவதில்லை. வரவழைத்தால் பொய்யாகத் தெரிகிறது. மைத்துனன் முகம் அப்படியில்லை. அவன் உண்மையில் பயந்தால் பார்க்கிறவர்களும் பயந்துவிடுவார்கள். ஆக, கூட்டை அவன்தான் கண்டெடுக்க வேண்டும். அவன் கண்டெடுக்க வேண்டுமென்றால் அது முன்பே அங்கே இருக்க வேண்டும்.

முந்தின நாள் மதியம் போவேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயரும் நேரம். ஏணியும் கருவிப்பையும் வைத்திருக்கிற ஆளை எந்தத் தெருவிலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. ஆரம்பத்தில் ரொம்பக் கவனமாக இருந்தேன். குழாயைப் பாதிதான் அடைப்பேன். குளியலறையில் ஜன்னல் இருக்கிற வீடாகத் தேர்ந்தெடுப்பேன். ஒரு வீட்டில் மட்டும் மருமகளுக்குத் தலை சுற்றி, துணி துவைக்கும் கல்லருகே விழுந்துவிட்டாள். அதற்குள் என் மைத்துனன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். குழாயில் கையை விட்டுக் கூட்டை எடுத்தவன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான்யா பொழச்சா," என்றார். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. அந்த வாரம் அந்தத் தெருவே சேர்ந்தது. இன்று அந்தத் தெருவில் ஒரு பழுதான ஹீட்டர் கிடையாது. ஒருநாள் தலைசுற்றலுக்கு எதிரே எத்தனை உயிருக்குக் காவல் என்று நீங்களும் எடைபோட்டுப் பாருங்கள்.

இனி எங்கள் கட்டடத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது கீழ்த்தளம். எங்களுக்கு மேலே மாடி வீட்டம்மா இருக்கிறார். தபால் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், தனியாக வாழ்பவர். கட்டடத்தில் அவர் சொல்தான் சட்டம். அவர் திரைச்சீலை மாற்றினால் எல்லா ஜன்னலிலும் திரைச்சீலை மாறும். திட்டத்தில் சேரச் சொல்லி அவரிடம் போனபோது, என் மைத்துனனைக் கூப்பிட்டு, "நீ சொல்லுப்பா, என் ஹீட்டருக்கு இது தேவையா?" என்று கேட்டார். அவன் கழற்றிப் பார்த்தான். "நல்லாருக்கும்மா. இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேணாம்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தான். படியில் வைத்து அவனைக் கடிந்துகொண்டேன். "இல்லாதத எப்படி மாமா சொல்றது?" என்றான். அவனைத் திருத்த முடியாது.

அதனால் எங்கள் கட்டடத்தில் ஒரு வீடுகூடச் சேரவில்லை. அது வெளியிலும் தெரிந்துவிட்டது. புதிய தெருக்களுக்குப் போனால், "உங்க கட்டடத்துல எத்தன பேரு சேந்திருக்காங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தொழில் இப்படித்தான் சாகும், ஐயா. கண்முன்னால் அது செத்துக்கொண்டிருந்தது. மைத்துனன் மறுபடியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் சும்மா நடக்கப் போகிறான் என்று அவளும் கவலைப்பட்டாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு ஹீட்டரை நான் கழற்றியிருந்தேன். கடைத்தெருவில் ஒரு பலகையில் மாட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று போகிறவர் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. சில வாரங்களாக என் மனைவி அடுப்பில் தண்ணீர் காய வைத்துத்தான் குளித்தாள். முணுமுணுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் ஹீட்டர் டாக்டர், வீட்ல அண்டாவும் சொம்பும்," என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள்.

பேசுவதில் அவளும் எனக்கு ஒரு நண்பர் மாதிரிதான். காய் நறுக்கிக்கொண்டே கட்டடத்துக் கதையெல்லாம் சொல்வாள். "மேல அவங்களுக்குக் குளியலறை ஜன்னல் வழியா பூச்சி வருதாம். அட்டைய வெட்டி வச்சு டேப் போட்டு ஒட்டிட்டாங்க. கையில சுறுசுறுப்பு பாத்தீங்களா, இந்த வயசுல." நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மதியம் பின்பக்க இரும்புப் படியில் ஏறி மாடி வீட்டுக் குழாயில் கூட்டை வைத்தேன். இந்தமுறை பாதியாக இல்லை. பாதி அடைத்தால் அந்தம்மாவுக்கு ஒன்றும் ஆகாமலே போய்விடலாம் என்று தோன்றியது. அவர் தைரியசாலி, ஒரு தலைவலியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மைத்துனனிடம் மறுநாள் காலையில் வரச் சொல்லியிருந்தேன், நம் கட்டடத்துக்கு மட்டும் இன்னொரு தடவை இலவசமாகப் பார்ப்போம் என்று. காலையில் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அவசரம் இல்ல மாப்ள. சாப்பிட்டுட்டு நிதானமா வா," என்றேன். அந்தம்மா குளித்து முடிப்பதற்குள் அவன் வந்துவிட்டால் பிரயோசனம் இல்லை.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. அன்று அந்தம்மாவுக்குச் சளி பிடித்திருந்தது. அவர் குளிக்கவில்லை.

அன்று அங்கே குளித்தது என் மனைவி. கூந்தல் நீளம் என்பதால் அவள் வெகுநேரம் உள்ளே இருப்பாள் என்று அந்தம்மா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அப்புறம் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. அந்த நேரத்துக்கு என் மைத்துனன் படியேறி வந்தான். கதவை உடைத்தவன் அவன்தான். அக்காவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தவனும் அவன்தான். நான் சத்தம் கேட்டு மேலே ஓடினேன். படியின் திருப்பத்தில் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஈரக் கூந்தல் என் கைமேல் பட்டுக்கொண்டு போனது. தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

நான் அழுதேன். அது நடிப்பு என்று நீங்கள் நினைத்தால் எங்கள் கட்டடத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களே, "எங்க வீட்டையும் பாத்துருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டடம் முழுக்கச் சேர்ந்தது. பக்கத்துக் குடியிருப்புகள் சேர்ந்தன. நான் ஒரு துண்டறிக்கை அச்சடித்தேன். ஒரு பக்கம் அவளுடைய படம், இன்னொரு பக்கம் குழாயிலிருந்து எடுத்த கூட்டின் படம். 'என் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்' என்று மட்டும் கீழே போட்டேன். அவளுடைய படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் என் மைத்துனன். எதையோ பார்த்துச் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருக்கும். தொழில் அப்படி வளர்ந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. அவள் கேட்டபடி அவனுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது.

ஆனால் அவன் வேலைக்கு வரவில்லை. வேறு ஆட்களை வைத்துக்கொண்டேன். ஒருநாள் அவன் என்னிடம் சொன்னான். "நல்லாருக்குன்னு நான்தானே மாமா சொன்னேன். கூடு அன்னைக்கே உள்ள இருந்திருக்கணும். நான் ஒழுங்கா பாக்கல."

"விடு மாப்ள," என்றேன்.

"நீங்க சாப்பிடச் சொன்னீங்க. நானும் உக்காந்து சாப்பிட்டேன். நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவையும் போட்டுக்கிட்டேன். அப்ப எங்க அக்கா..."

 அதற்குமேல் நான் அவனைப் பேசவிடவில்லை, முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

மாடி வீட்டம்மா தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. மெக்கானிக் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை நம்பித்தான் அந்தக் குளியலறையை இன்னொருவருக்குத் திறந்துவிட்டேன் என்று புகார் எழுதிக் கொடுத்தார். அது உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தது. அவனைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அவன் எதையும் மறுக்கவில்லை. என் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். ஜெயிலுக்குப் போகவும் தயாராக இருந்தான். நான் அவனுக்கு நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்தேன். அவன் உள்ளே போய்விட்டாலும் அவன் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னதைச் செய்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனையும் வற்புறுத்தித் தையல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறான், நாலு பேரோடு பேசினால் மனது ஆறும் என்று. டெய்லர் என் துண்டறிக்கைகளில் ஒன்றை எடுத்து ஒரு காலர் அளவைக் குறிக்கப் போனார். குறிக்காமல், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"டேய் காது, இந்தக் கூட்டுல இருக்கிறது நம்ம கடை நூலு மாதிரி இருக்கேடா. அரக்கு நிறம். இங்க பாரு, நாம ஓரம் அடிக்கிற நூலு."

"குருவிக்கும் எங்க ஸ்கூல் யூனிஃபார்மா?" என்றார் வாத்தியார். "ஃபீஸ் கட்டிருச்சான்னு கேளுங்க."

டெய்லர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மைத்துனன் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இந்த அரக்குக் கலர் எப்பருந்து தைக்கிறீங்க?"

"இந்த வருஷந்தான்டா. அதுக்கு முன்னாடி பச்சைல்ல. ஸ்கூல் தொறக்கிற சமயத்துல மாத்துனாங்க. வாத்தியாரக் கேளு."

"நான் அந்த ஹீட்டரப் பாத்தது அதுக்கு முன்னாடி," என்றான். எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு, "மத்த வீட்டுக் கூடு எல்லாத்துலயும் நூல் இருந்துச்சு. நான்தானே எடுத்தேன். எல்லாம் இந்தக் கடை நூல்," என்றான்.

 டெய்லர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். அவருடைய கடையில் தரை முழுக்க நூலும் துண்டும் கிடந்தது, என் முக்காலியைச் சுற்றி ஒரு வட்டம் தவிர. அந்த வட்டம் பெருக்கி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாத்தியார் பார்த்தார். கடைசியில் என் மைத்துனன் பார்த்தான்.

இத்தனை வருடமாக அந்தக் கடையில் மற்றவர்கள் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நான் பேசுவதற்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.  எழுந்து இங்கே வந்தேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. என் மைத்துனன் தெருவின் எதிர்ப்பக்கமாக, என்னோடு சேராமல், உங்கள் வாசல்வரை நடந்து வந்தான். அவ்வளவுதான்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவன் பார்த்தபோது குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. அவன் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் காகிதத்தில் அவன் போட்ட கையெழுத்தைக் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்ட இன்னொன்றும் இருக்கிறது. அவள் அங்கே குளிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது, விபத்து என்று சொல்லிவிட்டால் அது எனக்கு எவ்வளவு உதவும் என்றும் நீங்களே பெருந்தன்மையோடு விளக்கினீர்கள்.

தொடக்கத்தில் அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை எழுதினேன். அதற்கு முந்தின வாக்கியத்தை எழுதவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சீப்பையும் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னாள். "மேல வீட்டம்மாவுக்குச் சளியாம், இன்னைக்குக் குளிக்கலையாம். என்னைய வந்து தலைக்குக் குளிச்சுக்கச் சொன்னாங்க, போயிட்டு வர்றேன்." பிறகுதான் பாலைப் பற்றிச் சொன்னாள்.

நான், "சரி," என்றேன்.

தடுப்பதற்கு ஒரு பொய் போதும். மேலே தண்ணீர் வரவில்லையாம் என்றால் திரும்பியிருப்பாள். எனக்கு வார்த்தை வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அடுப்பின்முன் நின்றுகொண்டு நான் யோசித்தது இதுதான். மாடி வீட்டம்மாவுக்குத் தலை சுற்றினால் கட்டடம் சேரும். எங்கள் வீட்டிலேயே ஒருத்திக்குத் தலை சுற்றி, சொந்தத் தம்பியே வந்து காப்பாற்றினால் ஊரே சேரும். அதற்குமேல் யாராலும் 'உங்க கட்டடத்துல எத்தன பேரு' என்று என்னிடம் கேட்க முடியாது. அவளுக்குச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். அந்த மருமகளுக்குச் சரியாகவில்லையா?

எல்லை ஒன்றும் வைத்துக்கொண்டேன். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு மேலே போய்க் கதவைத் தட்டிவிடுவது என்று. நியாயமான நேரம்தான். பால் ஓரத்தில் நுரைகட்ட ஆரம்பித்தது. நடுவில் மெல்ல எழும்பியது. மாடியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது. என் மைத்துனன் இன்னும் வந்திருக்கவில்லை.

தீயைக் குறைத்தேன். பால் அமுங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழும்பியது. மறுபடியும் குறைத்தேன்.

இங்கே என்னைக் காவல் காக்கிற ஏட்டய்யா நல்ல மனிதர். கைதிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வெளியே உட்கார ஒரு நிழல்கூட இல்லை, பிள்ளைகுட்டியோடு நாளெல்லாம் நிற்கிறார்கள் என்று சாப்பாடு கொடுக்கும்போது சலித்துக்கொண்டார். அதில் ஒரு தொழில் இருக்கிறது. யாரிடமாவது சொல்லுங்கள்.

என் மைத்துனன் என்னைப் பார்க்க வரமாட்டான் என்று தெரியும். வந்தால் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று எல்லோரும் போன பிறகு நான் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பார்த்தேன். தீ சிறியதாக எரிந்துகொண்டிருந்தது. பால் பாதியாகச் சுண்டி, மேலே ஏடு கட்டியிருந்தது. பாத்திரத்தின் வெளியே ஒரு சொட்டு இல்லை, அடுப்பில் ஒரு கறை இல்லை. அவள் சொல்லிவிட்டுப் போனதை நான் செய்தேன். பால் பொங்கவில்லை.